குழுக் கூட்டத்தில் அடுப்பங்கரைக்கும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஊக்குநர்களே, பிரதிநிதிகளே, உறுப்பினர்களே,

வணக்கம். தமிழ்நாட்டில் மகளிர் குழு என்பது முதலில் வேர்பிடித்தது நம் மண்ணில்தான். 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அன்றைய தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய வேலை, பிறகுதான் மற்ற மாவட்டங்களுக்குப் போனது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகும் இரண்டு பக்கமும் குழுக்கள் கட்டுக்கோப்பாக நடக்கின்றன. சந்தா, உள்கடன், வங்கித் தவணை, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து என்று மாதக் கூட்டம் முடிந்துவிடுகிறது. வாங்கிய கடனில் ஒரு பங்கு எங்கே கரைகிறது என்ற பேச்சு மட்டும் அங்கே வருவதில்லை. சிலிண்டர், கேன் தண்ணீர், பாக்கெட் மாவு, பாத்திரம் தேய்க்கும் சோப்பு என்று சில்லறையாகப் போகும் காசு அது.

நாங்கள் கேட்பது மாதக் கூட்டத்தில் கணக்கு முடிந்ததும் அடுப்பங்கரைக்கு அரைமணி நேரம். அதிலும், தனி வீட்டால் ஆகாத, 15 வீடு சேர்ந்தால் ஒரே நாளில் முடிந்துவிடுகிற வேலைகளுக்கு முதலிடம் கொடுங்கள். தண்ணீர்ப் பரிசோதனை அப்படிப்பட்டது. ரேஷன் கேழ்வரகைச் சுத்தம் செய்து அரைப்பதும் அப்படித்தான். சிக்கனம் என்றாலே வாயைக் கட்டு, வயிற்றைக் கட்டு என்று பெண்களுக்குப் புத்தி சொல்வது வழக்கமாகிவிட்டது. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. கீழே எழுதியிருக்கும் எதனாலும் யாருடைய தட்டிலும் ஒரு கவளம்கூடக் குறையாது.

முதலில் தண்ணீர். நம் ஊரில் பானையில் எந்தத் தண்ணீரை ஊற்றுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் கேஸ் செலவும், பருப்பு வேகும் நேரமும், பிள்ளைகளின் பல்லும் இருக்கின்றன. பாறைக்கு அடியிலிருந்து வரும் போர் தண்ணீரில் நம் இரு மாவட்டங்களிலும் பல இடங்களில் ஃபுளோரைடு என்ற கரைந்த உப்பு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் வருடக்கணக்கில் உடம்பில் சேர்ந்தால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும், பெரியவர்களுக்கு முட்டியும் முதுகும் இறுகிப்போகும். ஈறுக்குள் நிலைப்பற்கள் உருவாகிக்கொண்டிருக்கும் 8 வயது வரைதான் பல்லுக்கு ஆபத்தான காலம். கறை வெளியே தெரியும்போது சேதம் முன்பே நடந்து முடிந்திருக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடால் வரும் இந்தப் பல், எலும்பு நோய்) பாதிப்புக் குறைப்பு என்று சேர்த்திருப்பது இதனால்தான். 2013-லிருந்து அந்தக் காவிரித் தண்ணீர் ஊர்களுக்கு வருகிறது.

ஆனால் பல வீடுகளில் ஒகேனக்கல் தண்ணீரைக் குடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, சமையலுக்குப் போர் தண்ணீரைப் பிடிக்கிறார்கள். ‘கொதிக்கவைத்துவிட்டால் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கை அது. கொதித்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், கரைந்திருப்பது சட்டியிலேயே தங்கிவிடும். லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீர் 2 லிட்டரை ஊற்றிக் குழம்பை 1 லிட்டராகச் சுண்டவைத்தால், 6 மில்லிகிராமும் அந்த ஒரு லிட்டரில்தான் இருக்கும். துணியில் வடிகட்டினாலும், மண்பானையில் ஊற்றி வைத்தாலும், கேண்டில் ஃபில்டரில் இறக்கினாலும் இது குறையாது. நிறமோ மணமோ சுவையோ கிடையாது என்பதால் நாக்கை நம்பவும் முடியாது.

சமையலுக்கும் குடிக்கவும் சேர்த்து 4 பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 லிட்டர் போதும், அதாவது இரண்டு குடம் நிறைய இருக்காது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும் ஊரில் நான்கு குடம். இந்தக் குடங்களைத் தனியாக, மூடியோடு, நீளக் கைப்பிடி உள்ள அகப்பையோடு வையுங்கள். கையை விட்டு மொள்ளக் கூடாது. வாரம் ஒரு முறை குடத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவாவிட்டால் டெங்குக் கொசு முட்டை அதன் சுவரிலேயே ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவ, துணி துவைக்க, குளிக்க, வாசல் தெளிக்கப் போர் தண்ணீர் தாராளமாகப் போதும். மேல்நிலைத் தொட்டியில் இரண்டு தண்ணீரையும் கலந்து விடுகிறார்களா, எந்தெந்த நாள் எது வருகிறது என்பதை உங்கள் ஊர்த் தொட்டி இயக்குபவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் சேர்ந்து போய்க் கேட்டால் பதில் கிடைக்கும்.

போர் தண்ணீருக்கு இன்னொரு குணமும் உண்டு, அது நேராகச் சிலிண்டரில் கை வைக்கும். அது கடினத் தண்ணீர். அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் தோலையும் சதையையும் பிணைத்து இறுக்கிவிடும். துவரம்பருப்பு எத்தனை விசில் வைத்தாலும் கரையாமல் உருண்டையாக மிதக்கிறது என்றால், பருப்பைக் குறை சொல்வதற்கு முன் அரைக் கிண்ணம் பருப்பை ஒகேனக்கல் தண்ணீரில் வேகவைத்துப் பாருங்கள். வேகாத பருப்புக்குச் சமையல் சோடா போடுவது நம் பக்கத்தில் சகஜம். பருப்பு குழையும், ஆனால் பி1 வைட்டமின் அழிந்துவிடும். புளியையும் தக்காளியையும் பருப்போடு சேர்த்தே வேகப்போடுவதும் இதே தவறுதான். புளிப்புப் பட்டால் பருப்பு மெத்தென்று வராது, முழுக்க வெந்த பிறகே புளி ஊற்ற வேண்டும். புளிக்குழம்பையும் மோரையும் அலுமினியப் பாத்திரத்தில் கொதிக்கவைக்கவோ வைத்திருக்கவோ வேண்டாம். புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். மண்சட்டியோ எவர்சில்வரோ போதும்.

தண்ணீரைச் சோதிக்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வோர் ஊரிலும் 5 பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பயிற்சி கொடுத்து, ஊராட்சிக்குக் களப் பரிசோதனைப் பெட்டியும் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்தப் பெட்டி உங்கள் ஊராட்சி அலுவலக அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள். அதில் உள்ள மருந்தின் காலாவதித் தேதியை முதலில் பாருங்கள், கெட்டுப்போன மருந்து தப்பான நிறம் காட்டும். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், பிளாஸ்டிக் பாட்டிலில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். மோட்டாரை 10 நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். எந்தக் குழாய், என்ன தேதி என்று பாட்டிலிலேயே எழுதி ஒட்டுங்கள். ஒரு முறை சோதித்ததோடு விட்டுவிடக் கூடாது. கோடையில் நீர்மட்டம் கீழே போகும்போது ஒரு முறை, மழைக்குப் பிறகு ஒரு முறை என வருடத்துக்கு இரண்டு வேண்டும். பெட்டியில் சந்தேகமாக வந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பலாம். முடிவு தெரிந்ததும் குழாய்க்கு வர்ணம் அடித்துவிடுங்கள், குடிக்கக் கூடாததற்குச் சிவப்பு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் பால்வாடிக்குப் போகும் பிள்ளைக்கும் அது ஒன்றே புரியும்.

ஆர்ஓ மெஷின் வைத்திருக்கும் வீடுகளில் எங்களை மிகவும் வருத்தும் காட்சி ஒன்று உண்டு. மெஷினின் பின்னாலிருந்து மெல்லிய கழிவுக் குழாய் ஒன்று ஜன்னல் வழியாக இறங்கி, மாட்டுத் தொட்டிக்குள் சொட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் வீணாகக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் வீட்டு ஆர்ஓ பொதுவாக 4 லிட்டர் இழுத்தால் 1 லிட்டர் நல்ல தண்ணீர் தந்து 3 லிட்டரை வெளியே தள்ளும். அந்த மூன்று லிட்டரில்தான் உப்பும் ஃபுளோரைடும் கூடுதலாகத் திரண்டு நிற்கின்றன. மாட்டுக்கும் ஃபுளோரோசிஸ் வரும். பல் தேய்ந்து தீவனம் மெல்ல முடியாமல் போகும், கால் விறைக்கும், பால் குறையும். கழிவு நீரை வாளியில் பிடித்துக் கக்கூஸுக்கும் தரை துடைக்கவும் மட்டும் பயன்படுத்துங்கள். தினமும் ஒரே செடிக்கு ஊற்றினால் மண் உவர்ப்பாகிவிடும்.

சுண்ணாம்புச்சத்தும் வைட்டமின் சி-யும் போதிய அளவு உணவில் இருந்தால் ஃபுளோரைடின் பாதிப்பு குறையும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அறிவுரை. நெல்லி, கொய்யா, முருங்கைக்கீரை மூன்றும் நம் வேலியோரத்தில் இருப்பவை. சுண்ணாம்புச்சத்துக்கு நம் ஊர்த் தானியங்களில் கேழ்வரகை மிஞ்ச ஒன்றும் கிடையாது. 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஒரு வார்த்தை: வெறும் கட்டன் தேநீரைக் குறையுங்கள். தேயிலையிலும் ஃபுளோரைடு உண்டு.

இனி கேழ்வரகு. 2023-ல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நம் வயலில் விளைந்ததை நம் கடையிலேயே கொடுக்கிற நல்ல காரியம். அதைக் கோழிக்குப் போட்டுவிட்டு, கடையில் பாக்கெட் ராகி மாவு வாங்கும் வீடுகளும் இருக்கின்றன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2 கிலோவைப் புடைத்து, கல் அரித்து, காயவைத்து மில்லுக்கு எடுத்துப்போனால், ‘இவ்வளவு கொஞ்சத்துக்கு மிஷினை ஓட்ட முடியாதும்மா’ என்று திருப்பி அனுப்புவார்கள். அல்லது மிளகாய் அரைத்த கையோடு ஓட்டித் தருவார்கள், அன்றைக்குக் களி காரமாக இருக்கும். 15 பேரின் 2 கிலோ சேர்ந்தால் 30 கிலோ. மில்லுக்காரர் மறுக்க மாட்டார், முந்தைய மாவை வழித்துவிட்டு ஓட்டுங்கள் என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு வரும். முதலில் விழும் இரண்டு கை மாவைத் தனியே மாட்டுக்கு எடுத்துவைத்துவிடுங்கள்.

சேர்ந்து செய்யும்போது ஒழுங்கு இது. முறத்தில் புடைத்துத் தூசியும் உமியும் போக்கியபின், அகலப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அரிக்க வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்துச் சுழற்றச் சுழற்றத் தானியம் அடுத்த பாத்திரத்துக்குப் போகும், மணலும் கல்லும் அடியில் தங்கும். இரண்டு தடவை அரித்தால் நறநறப்பு போய்விடும். பிறகு துணியில் பரப்பி நல்ல வெயிலில் ஒரு நாள், மந்தமான வெயில் என்றால் இரண்டு நாள். பல்லில் கடித்தால் ‘டக்’ என்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் காயவில்லை. ஈரத்தோடு அரைத்தால் மாவு மில்லிலேயே சூடாகிக் கட்டிபிடிக்கும், பத்து நாளில் பூஞ்சை வாடை வரும். அரைத்த மாவு கைபொறுக்காத சூட்டில் இருக்கும். அப்படியே டப்பாவில் அடைத்தால் உள்ளே வேர்த்துக் கட்டியாகிவிடும், வெள்ளை வேட்டியில் பரப்பி ஆறவிட்டுத்தான் மூட வேண்டும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். கேழ்வரகு தானியமாக இருந்தால் வருடக்கணக்கில் புழு வைக்காது, மாவானால் சீக்கிரம் காறல் கசப்பு வந்துவிடும்.

களி கிண்டத் தெரியாது என்று சொல்லும் இளம் பெண்களிடம் சலிப்புக் காட்டாமல், ஒரு கூட்டத்தில் அடுப்பை மூட்டிச் செய்து காட்டுங்கள். 4 பேருக்கு மாவு 2 டம்ளர், நொய்யரிசி அரை டம்ளர், தண்ணீர் 5 டம்ளர், உப்பு. நொய்யைக் கழுவிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் குழைய வேகவிடுங்கள். மாவு போடுவதற்கு முன் அந்தக் கொதிநீரில் ஒரு டம்ளரை எடுத்துத் தனியே வையுங்கள், இதுதான் பின்னால் காப்பாற்றும். பிறகு மாவைப் பானையின் நடுவில் ஒரே குவியலாகக் கொட்டுங்கள், கிளற வேண்டாம். துடுப்புக் காம்பால் குவியலின் நடுவில் அடிவரை ஒரு குழி போட்டால் அந்த வழியாகக் கொதி மேலே பொங்கி மாவை ஆவியில் வேகவைக்கும். மூடிபோட்டுச் சிறு தீயில் 8 நிமிடம். மாவின் மேல்பகுதி வெளிறிய சாம்பல் நிறம் மாறிக் கருஞ்சிவப்பாக ஈரம் ஏறியிருக்கும். அப்போது பானையை இறக்கிக் காலடியில் அசையாமல் பிடித்துக்கொண்டு துடுப்பால் ஓரத்திலிருந்து நடுவுக்கு அழுத்திக் கிண்டுங்கள். இறுகினால் எடுத்துவைத்த கொதிநீரைச் சிறிது சிறிதாக விட வேண்டும். பச்சைத் தண்ணீர் விட்டால் அங்கங்கே வேகாத வெள்ளைக் கட்டி நிற்கும். திரும்பவும் மூடிச் சிறு தீயில் 3 நிமிடம். ஈரக் கையால் தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் மாவு வேகவில்லை, அதைச் சாப்பிட்டால்தான் வயிறு உப்பும். களிமேல் பழி வருவது பெரும்பாலும் இந்த அரைவேக்காட்டினால்தான்.

மிச்சக் களியை உருண்டையாகத் தண்ணீரில் போட்டுவைத்தால் காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்துக் குடிக்கலாம். அடியில் ஒட்டிய காந்தலுக்குச் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், இன்னும் பிடிக்கும். உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டால் தானே பெயர்ந்துவரும், அது மாட்டுத் தொட்டிக்கு.

கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு முளைகட்டிய மாவு செய்து கொடுங்கள். இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் வடித்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் ஒன்றரை நாளில் வெள்ளை முளை வரும். துணியில் தண்ணீர் சொட்டினால் வழுவழுப்பாகி நாறும், ஈரப்பதம் மட்டும் போதும். கருப்பாகப் பூஞ்சை தெரிந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள், பொறுக்கி எடுத்துப் பயன்படுத்த வேண்டாம். காயவைத்து, வாசம் வரும்வரை லேசாக வறுத்து அரைக்க வேண்டும். முளைகட்டிய மாவில் கஞ்சி காய்ச்சினால் கெட்டியாகாது. அதனால் அதே அளவு கஞ்சியில் அதிக மாவு சேர்க்கலாம், சின்ன வயிற்றுக்குள் அதிக ஊட்டம் போகும். இரும்புச்சத்தும் முளைகட்டினால் உடம்பில் நன்றாக ஒட்டும்.

கேஸ் விஷயத்தில் பெரிய வித்தை எதுவும் இல்லை. சிலிண்டர் வந்ததும் எடைபோட்டு வாங்குங்கள். கழுத்துப் பட்டையில் வெற்றுச் சிலிண்டரின் எடை அடித்திருக்கும், அதோடு 14.2 கிலோ சேர வேண்டும். மாட்டிய தேதியைக் காலண்டரில் குறியுங்கள், குழுவில் ஒருவருக்கு ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் கணக்கு. தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கறுத்தால் பர்னர் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம், ஊசியால் குத்திக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். தீ பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி ஏறினால் தாண்டியதெல்லாம் வீண். கொள்ளுப் பயறை இரவே ஊறப்போட்டால் மூன்று நான்கு விசிலில் வெந்துவிடும். ஊறவைக்காமல் போட்டால் விசில் எண்ணி மாளாது. வெந்த தண்ணீரை ரசத்துக்கு வையுங்கள், களிக்குக் கொள்ளு ரசம் போல் வேறொன்று இல்லை. ரப்பர் டியூபை 5 வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இதைவிட அதிகம் மிச்சம் பிடிப்பது வைக்கோல் கூடை. ஒரு பெரிய மூங்கில் கூடை. அடியிலும் சுற்றிலும் நான்கு விரல் கனத்துக்குக் காய்ந்த வைக்கோலை அழுத்தி அடைத்து, பழைய பருத்திப் புடவையை உள்ளே விரித்துக்கொள்ளுங்கள். வைக்கோல் திணித்த ஒரு தலையணை மேல்மூடிக்கு. புழுங்கலரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, 1 பங்குக்கு இரண்டரை முதல் 3 பங்கு தண்ணீர் வைத்து, கொதி வந்தபின் 10 நிமிடம் மட்டும் எரியவிட்டு, மூடியைத் திறக்காமல் கூடைக்குள் இறக்கித் தலையணையால் அழுத்தி மூடுங்கள். ஒரு மணி நேரத்தில் சாதம் தயார், அடிப்பிடிக்காது, வடிக்கும் வேலையும் இல்லை. பச்சரிசி என்றால் அரைமணி ஊறலும் 2 பங்கு தண்ணீரும் 4 நிமிடக் கொதியும் போதும். அரிசிக்கு அரிசி மாறும், முதல் தடவை அளவைக் குறித்துக்கொண்டால் அடுத்த தடவை தவறாது. தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. பாத்திரம் பெரிதாக இருந்து சாதம் பாதிக்குக் கீழே இருந்தால் சூடு நிற்காது. நடுவில் திறந்து பார்த்தால் சூடு போய்விடும், அடுப்பில் ஏற்றித் திரும்பக் கொதிக்கவைக்க வேண்டும். வைக்கோல் ஈரமாக இருந்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், வாரம் ஒரு முறை பிரித்து வெயிலில் போடுங்கள். கறி, மீனைக் கூடையில் வேகவைக்க வேண்டாம். வெந்த சாதத்தையும் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக விட்டுவைக்கக் கூடாது. நீராகாரத்துக்குச் சோறு வேண்டுமானால் ஆறிய உடனே நல்ல தண்ணீர் ஊற்றிவிடுங்கள். நம் கோடையில் மறுநாள் முற்பகலைத் தாண்டினால் அதில் கெட்ட வாடையோ நூல் போன்ற வழவழப்போ வரும், அதைக் கொட்டிவிடுவதுதான் சரி.

பாலக்கோடு, இராயக்கோட்டைப் பக்கம் தக்காளி விலை விழுந்து பெட்டி பெட்டியாகச் சாலையோரம் கொட்டும் வாரம் வரும். அதைப் பார்த்து மனம் பதறாத ஆள் இல்லை. அந்த வாரம் வாங்கி வற்றல் போடுங்கள். நன்றாகப் பழுத்த, வெடிப்பில்லாத பழம். கால் அங்குல வட்டமாக அறுத்து, கிலோவுக்கு 20 கிராம் உப்பு தூவி, துணியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே மெல்லிய துணி போர்த்தி மூன்று நான்கு நாள் உச்சி வெயில். சாயங்காலம் உள்ளே எடுத்துவிட வேண்டும், பனியில் விட்டால் மறுநாள் ஓரம் வெளுக்கும். வளைந்தால் போதாது, முறிய வேண்டும். 1 கிலோவுக்கு 60, 70 கிராம்தான் தேறும் என்பதால் தனியாக ஒரு வீட்டில் செய்தால் சலித்துப்போகும். ஒரு மொட்டைமாடியில் 5 பேர் சேர்ந்து 30 கிலோ போட்டால் பேச்சோடு பேச்சாக முடியும். கண்ணாடி ஜாடியில் வைத்து, கிலோ 80 ரூபாய்க்கு விற்கிற மாதத்தில் ரசத்துக்கு நான்கு வில்லை போட்டால் போதும்.

பாத்திரம் தேய்க்கத் தேங்காய் நாரும் அடுப்புச் சாம்பலும் எவர்சில்வருக்கும் இரும்புக்கும் நல்லவை. சாம்பலில் உள்ள காரம் எண்ணெயோடு சேர்ந்து சோப்பு போல வேலை செய்கிறது. அதே காரம் அலுமினியத்தைத் தின்னும், அதற்குச் சீயக்காய்த் தூள். பிளாஸ்டிக் கவர் போட்டு எரித்த அடுப்பின் சாம்பலைப் பாத்திரத்தில் படவே விடாதீர்கள். மாசி, பங்குனியில் புளி உடைக்கும்போது மிஞ்சும் கோதும் நாரும் பித்தளைக் குடத்துக்கு ஆகும். காய்கறித் தோலும் காய்ந்த இலையும் ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் குழியில் போட்டால் எரு. நாறினால் ஈரம் அதிகம், இலை போடுங்கள். எறும்பு வந்தால் ஈரம் போதவில்லை.

முதல் கூட்டத்துக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டாம், தண்ணீரும் கேழ்வரகும் போதும். தீர்மானப் புத்தகத்தில் இப்படி எழுதலாம், உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

‘தீர்மானம்: உறுப்பினர் ஒவ்வொருவரும் அடுத்த கூட்டத்துக்குத் தங்கள் வீட்டில் சமையலுக்குப் பயன்படுத்தும் தண்ணீரை 1 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில், குழாயின் பெயரும் தேதியும் எழுதிக் கொண்டுவருவது. ஊராட்சியிடம் களப் பரிசோதனைப் பெட்டியைக் கேட்டு ஊக்குநரும் பிரதிநிதியும் மனு கொடுப்பது. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் காட்டும் குழாய்களின் பட்டியலைக் கிராம சபையில் வைத்து, அந்தத் தெருக்களுக்கு ஒகேனக்கல் தண்ணீர் கலப்பில்லாமல் வர வழிகேட்பது. இம்மாத ரேஷன் கேழ்வரகை உறுப்பினர்கள் அரைக்காமல் வைத்திருந்து, கூட்டத்துக்கு மறுநாள் காலை 7 மணிக்கு முறம், பாத்திரம், துணியோடு வருவது. அரைகூலியைக் கிலோ கணக்கில் பகிர்ந்துகொள்வது.’

இப்படிக்கு,
அடுப்பங்கரைக் கணக்கு எழுதிவரும் சில குடும்பங்கள்,
தருமபுரி.